உப்புக் காற்றில் நிற்கும் பழைய மெழுகுதிரித் தாங்கிகள்

பழைய உலோக மெழுகுதிரித் தாங்கிகளை வீட்டு அலங்காரத்துக்கு வாங்குவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மினுக்கத்தை. நான் முதலில் பார்ப்பது அடிப்பாகத்தை. தாங்கியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் குழிந்த அடியில் கடைசல் வரிகள் ஓடுகின்றனவா, திருகு மரை தெரிகின்றதா, தண்டின் முனை அடித்து விரிக்கப்பட்டிருக்கின்றதா என்று பார்த்த பிறகே நிமிர்த்தி வைத்து அதன் அழகை எடைபோடுவேன். இந்தப் பொருளில் அலங்காரத்துக்கென்று மட்டும் செய்யப்பட்ட பாகம் மிகக் குறைவு. உருகி வழியும் கொழுப்பைத் தாங்கவும், எரிந்து முடிந்த துண்டை வெளியே எடுக்கவும், இருட்டில் கை வழுக்காமல் பிடிக்கவும், மேசை அசைந்தால் சரியாமல் நிற்கவும் என்று வேலையால் உருவான வடிவமே இன்று நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகின்றது. அந்த வேலையைப் புரிந்துகொண்டு வாங்கினால், வீட்டில் எங்கே வைப்பது, எவ்வளவு துலக்குவது, எதை அப்படியே விடுவது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும். மீதிப் பாதியைத் திருகோணமலையில் கடற்காற்று தீர்மானிக்கின்றது.

இத்தகைய பொருள்கள் வந்து சேர்வதற்கு ஏற்ற ஊர் இது. 1620களில் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1782இல் சிறிது காலம் அது பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை, அதிகாரிகளும் பணியாளர்களும் தத்தம் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தனர். கத்தோலிக்க வீடுகளில் சொரூபத்தின் இருபுறமும் ஒரு சோடித் தாங்கி வைப்பது நெடுநாள் வழக்கம். பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் குடும்பங்களிலும் மெழுகுதிரி வைக்கும் பித்தளைச் சாமான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கின்றது. ஆகவே ஊரில் ஒரு பழைய தாங்கி அகப்படுவதில் வியப்பில்லை. அதோடு சேர்த்து விற்பவர் சொல்லும் கதையைத்தான் நான் பொருட்படுத்துவதில்லை. அட்மிரல் வீட்டு மேசையில் இருந்ததாக இதுவரை எனக்குக் காட்டப்பட்ட தாங்கிகள் எல்லாம் உண்மையிலேயே அங்கே இருந்திருந்தால், அந்த மேசையில் அட்மிரல் ஒரு தேநீர்க் கோப்பை வைக்கவும் இடம் இருந்திராது. பொருளைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியது அந்தப் பொருள் மட்டுமே.

அந்தச் சாட்சியை மேலிருந்து கீழாகக் கேட்கலாம். உச்சியில் கூரான முள் இருந்தால் மெழுகுதிரியின் அடியை அதில் குத்தி நிறுத்த வேண்டும். குழி இருந்தால் மெழுகுதிரியை அதில் செருக வேண்டும். முள் வைத்த வகை மிகப் பழையது. தேவாலயப் பீடங்களில் கனத்த மெழுகுதிரிகளை நிறுத்துவதற்கு வசதியாக இருந்தமையால் அங்கே அது நிலைத்துவிட்டது. முக்கோண அடியும் மூன்று கால்களும் கொண்டு உயர்ந்து நிற்கும் பீடத் தாங்கிகள் அந்த மரபைச் சேர்ந்தவை. வீட்டுப் பாவனைக்கு வந்தவை பெரும்பாலும் குழி வைத்தவை. மிகப் பழைய குழிகளின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். எரிந்து குறுகிய மெழுகுத் துண்டைக் கத்தி முனையால் நெம்பி எடுப்பதற்கான வழி அது. இத்துளையை அலங்கார வெட்டு என்று நினைத்து அதற்கேற்ற பூவேலை சேர்த்த பிற்காலப் பிரதிகளும் உண்டு. அவற்றில் துளை குழியின் அடிக்கு நேராக இராது. வேலை செய்யாத இடத்தில் இருக்கும்.

குழிக்குக் கீழே, அல்லது தண்டின் நடுவே, அல்லது அடியை ஒட்டி ஒரு தட்டு அகன்றிருக்கும். உருகிய மெழுகு கையிலும் மேசை விரிப்பிலும் விழாமல் தடுப்பதே அதன் பணி. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி ஒல்லாந்துத் தாங்கிகளில் இத்தட்டு தண்டின் நடுவே மிக அகலமாக நிற்கும். காலம் செல்லச் செல்ல அது கீழே இறங்கி அடியோடு கலந்துவிட்டது. பின்னர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குழியின் வாயில் செருகிக் கழற்றக்கூடிய சிறு வளையத் தட்டு பரவலாயிற்று. தண்டில் உள்ள குமிழ்கள் வெறும் உருட்டு அல்ல. விரல் பிடிப்பதற்கான இடம். அடி அகலமாக இருப்பதற்கும் அதன் விளிம்பு கனமாக இருப்பதற்கும் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

மெழுகுதிரியின் வரலாறு தெரிந்தால் துணைச் சாமான்களும் பேசத் தொடங்கும். பழைய காலத்து மலிவான மெழுகுதிரிகள் விலங்குக் கொழுப்பால் ஆனவை. அவற்றின் நடுவே நூலை முறுக்கிச் செய்த திரி எரியும்போது கருகி நீண்டு புகை கக்கும். அதை அடிக்கடி கத்தரிக்க வேண்டும். அதற்காகவே ஒரு சிறு பெட்டி பொருத்திய கத்தரிக்கோலும் அதை வைக்கும் நீள்தட்டும் மேசையில் இருந்தன. 1825இல் பிரான்சில் கம்பாசெரேஸ் என்பவர் பின்னிய திரியை அறிமுகப்படுத்தினார். அது எரியும்போது வளைந்து சுடரின் விளிம்புக்குச் சென்று தானே சாம்பலாகிவிடும். ஏறத்தாழ அதே காலத்தில் செவ்ரல் என்ற வேதியியலாளரின் ஆய்வால் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த கெட்டியான ஸ்டியரினால் செய்த மெழுகுதிரிகள் வந்தன. 1850களுக்குப் பின் பரஃபின் மெழுகு வந்து விலையைக் குறைத்தது. அதன் பின்னர் அந்தக் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லாமற்போயிற்று. ஆனால் படுக்கையறைக்கு எடுத்துச் செல்லும் குட்டைத் தாங்கி, அதாவது தட்டும் பிடி வளையமும் கூம்பு வடிவ அணைப்பானும் கொண்டது, இருபதாம் நூற்றாண்டு வரை நின்றது. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். உயரமில்லாததால் காற்று அதைக் குறைவாகவே தொடும். கட்டிலருகே வைத்தால் இடம் பிடிக்காது. அணைப்பான் தொலையாமல் உடன் இருந்தால் அது அரிதான பேறு.

இனி நான் அதிகம் நேரம் செலவிடும் பகுதிக்கு வருகின்றேன்: தண்டு எப்படி வார்க்கப்பட்டது என்பது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியப் பித்தளைத் தாங்கிகளின் தண்டு கட்டியாகவே வார்க்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள், இங்கிலாந்தில் தண்டை நெடுக்குவாட்டில் இரு பாதிகளாக, உட்குழிவோடு வார்த்து, பற்றாசு வைத்து ஒட்டினர். உலோகம் மிச்சம், எடையும் குறைவு. அந்த ஒட்டு தண்டின் இருபுறமும் மேலிருந்து கீழாக மெல்லிய கோடாக ஓடும். துலக்கித் துலக்கி அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தாலும், வாயை அருகில் கொண்டுபோய் மூச்சை ஊதினால், ஆவி படியும் ஒரு நொடியில் கோடு வெளிப்படும். பற்றாசும் பித்தளையும் ஒரே நிறம் அல்லவே. கடை வாசலில் நின்று பித்தளைத் தண்டின்மீது மூச்சு விடுவதைப் பார்த்துப் பிறர் சிரிக்கலாம். ஆனால் செலவில்லாத சோதனை இதைவிட வேறில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, அச்சின் உள்ளே குழிவுக்கான கரு வைத்துத் தண்டை ஒரே துண்டாகக் குழிவோடு வார்க்கும் முறை பரவிய பின் இந்த ஒட்டு மறைந்தது.

அடியும் தண்டும் சேரும் இடமும் காலம் சொல்லும். பழையவற்றில் தண்டின் கீழ்முனை அடித்தட்டின் துளை வழியாக நுழைந்து, அடிப்பக்கத்தில் சுத்தியலால் விரிக்கப்பட்டிருக்கும். அல்லது கையால் வெட்டிய, சற்றுக் கோணலான மரையால் திருகப்பட்டிருக்கும். ஒரே சீரான, கூர்மையான இயந்திர மரையும் தட்டையான நட்டும் இருந்தால் அது பிற்காலத்தது. அடியின் உட்புறத்தைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சீவிய வரிகள் வட்டவட்டமாக இருக்கும். பழையதில் அவ்வரிகளின்மேல் கரும்பழுப்பு படிந்து, விளிம்பு மட்டும் மேசையில் உரசி மழுங்கியிருக்கும். உட்புறம் முழுவதும் மணல் வார்ப்பின் சொரசொரப்போடு ஒரே நிறமாக, விளிம்பிலும் தேய்வில்லாமல் இருந்தால், அது அண்மைக் காலத்தில் பழையதுபோல் செய்யப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். தேய்வு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும்: கை பிடிக்கும் குமிழில், அடி விளிம்பில், குழியின் வாயில். எல்லா இடத்திலும் சமமாகத் தேய்ந்த பொருளைத் தேய்த்தது காலம் அல்ல.

விக்டோரியா காலத்துப் பித்தளைத் தாங்கிகள்தான் நம் ஊரில் பழையன என்ற பெயரில் அதிகம் அகப்படுபவை. தேன்கூடு அடுக்கினாற்போன்ற உருட்டுத் தண்டும், வைரப் பட்டை வெட்டிய தண்டும் இவற்றில் பரவலானவை. இவற்றின் அடியைத் திருப்பினால் நடுவே ஒரு சிறு குமிழ் தெரியும். அதை மேலே தள்ளினால் தண்டுக்குள் ஓடும் கம்பி எரிந்து முடிந்த துண்டைக் குழியிலிருந்து உந்தி வெளியேற்றும். இதற்கு முந்திய பதினெட்டாம் நூற்றாண்டு வகையில், தண்டின் பக்கவாட்டுப் பிளவில் ஒரு குமிழை நகர்த்தி அதே வேலையைச் செய்தனர். உந்து கம்பி இன்னும் அசைகின்றதா என்று பாருங்கள். மெழுகு இறுகி அடைத்திருந்தால் வெந்நீரில் இளகும். கம்பியே இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடியில் வைர வடிவமான பதிவுக் குறி இருந்தால், அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது என்று பொருள். 1884 முதல் வெறும் பதிவெண் மட்டுமே இடப்பட்டது. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பொதுவாக அது 1890களுக்கு முந்தியதல்ல. 1891இல் அமெரிக்கா தன் இறக்குமதிப் பொருள்களில் நாட்டுப் பெயரைக் கட்டாயமாக்கிய பின்னரே அந்த வழக்கம் ஊன்றியது.

உலோகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். பழைய ஐரோப்பியப் பித்தளை, துத்தநாகக் கனிமத்தைச் செம்போடு சேர்த்துச் சூடாக்கிச் செய்யப்பட்டது. 1781இல் ஜேம்ஸ் எமர்சன் துத்தநாக உலோகத்தையே நேரடியாகச் செம்போடு உருக்கிச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் பித்தளையின் நிறம் சீரானது. வெள்ளீயக் கலவையில் வார்த்த சாம்பல் நிறத் தாங்கிகளும் உண்டு. அவற்றின் உருகுநிலை மிகக் குறைவு. பழையவற்றில் ஈயமும் கலந்திருக்கக்கூடும். எனவே அவற்றில் திரியைக் குழிவரை எரியவிடக் கூடாது, சமையலறைப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவவும் கூடாது.

வெள்ளி என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை வெள்ளி முலாம் மட்டுமே. 1743இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டை உருக்கி ஒட்டும் முறையைக் கண்டார். அத்தகைய பொருளில் விளிம்புகள் தேய்ந்த இடத்தில் செம்பின் சிவப்பு எட்டிப்பார்க்கும். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசுவதற்குக் காப்புரிமை பெற்றபின், நிக்கல், செம்பு, துத்தநாகம் கலந்த வெண்ணிற உலோகத்தின்மேல் முலாம் பூசுவது மலிவாயிற்று. அக்கலவையின் ஆங்கிலப் பெயரில் (நிக்கல் சில்வர்) வெள்ளி இருந்தாலும் உலோகத்தில் வெள்ளி இல்லை. உண்மையான ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளியில், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி உள்ளதில், நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும்; அதோடு நங்கூரம் இருந்தால் முத்திரையிட்ட ஊர் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். துறைமுக ஊரில் நங்கூரத்தைப் பார்த்தவுடன் கப்பல் சாமான் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கின்றார்கள். பர்மிங்காமிலிருந்து கடலுக்குப் போக வெகுதூரம். மேலும், வெள்ளித் தாங்கிகள் பலவற்றின் அடி மெல்லிய தகட்டால் ஆகி, உள்ளே கீலோ (தார் போன்ற பிசின்) சாந்தோ நிரப்பப்பட்டிருக்கும். கையில் உணரும் கனம் வெள்ளியின் கனம் அல்ல. காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது: பித்தளை என்று சொல்லப்படுவதில் அது ஒட்டினால், உள்ளே இருப்பது இரும்பு.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு வகை உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய காலத்திலும் அதன் பின்னரும் இங்கே குவிந்த பீரங்கிக் குண்டுகளின் வெற்றுப் பித்தளை உறைகள் போரின் பின் பூச்சாடிகளாகவும் சாம்பற் கிண்ணங்களாகவும் மெழுகுதிரித் தாங்கிகளாகவும் மாறின. பீரங்கி உறைகளில் அலங்காரம் செய்யும் பழக்கம் முதல் உலகப் போரிலேயே ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. உறையின் அடியில் அளவும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அகன்ற அம்புக் குறி இருந்தால் அது பிரித்தானிய அரசின் சொத்தாக இருந்ததற்கான அடையாளம். செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் கொண்ட, இழுத்து நீட்டப்பட்ட பித்தளை இது. அழகில் முரட்டுத்தனமானது, ஆனால் இந்த ஊரின் ஒரு காலத்தை இதைவிட நேராகச் சொல்லும் அலங்காரப் பொருளை நான் அறியேன். வெடிமருந்தோ அதைப் பற்றவைக்கும் அடிமூட்டியோ அகற்றப்பட்டதா என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் அதைத் தொடாமல் பொலிஸாருக்கு அறிவிப்பதே முறை.

இந்த உறைகளைத் துலக்கும்போது ஒரு கவனம் தேவை. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் சேமித்துவைத்தபோது அவை காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், இழுத்து நீட்டியபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் தான் விளக்கப்பட்டது. கடைகளில் கிடைக்கும் சில மெருகுத் திரவங்களிலும் அமோனியா உண்டு. கனமாக வார்த்த தாங்கிக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. மெல்லிய தகட்டை இழுத்துச் செய்த பொருள்களில் நான் அதைத் தொடுவதேயில்லை.

கடற்காற்று பித்தளைக்குச் செய்வது வேறு விதமான கேடு. உப்பும் ஈரமும் சேர்ந்து பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மெல்ல மெல்ல அரித்தெடுத்துவிட, அங்கங்கே இளஞ்சிவப்பு நிறத்தில் செம்பு மட்டும் மிஞ்சும். உட்துறைமுகப் பக்கத்தைவிட ஒல்லாந்தர் விரிகுடாவைப் பார்த்த வீடுகளில் இத்திட்டுகள் விரைவில் வருவதைப் பார்த்திருக்கின்றேன். திறந்த யன்னலுக்கு நேரே வைத்த தாங்கியில் யன்னல் பக்கம் மட்டும் சிவந்திருப்பதும் உண்டு. அத்திட்டுகளைத் தேய்த்து நீக்க முடியாது. உலோகமே அங்கே மாறிவிட்டது. பச்சைப் படிவு வேறு. அது மேற்பரப்பில் நிற்பது, மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்கலாம்.

புளி போட்டுத் துலக்குவது நம் வீடுகளின் வழக்கம். புளியின் அமிலம் கருமையைக் கரைக்கின்றது. குத்துவிளக்குக்கு அது பொருத்தம்தான், ஏனெனில் குத்துவிளக்கு நாள்தோறும் கழுவித் துடைக்கப்படுவது. பழைய தாங்கிக்கு அது வேண்டாம் என்பது என் தீர்மானம். புளியோ தேசிக்காயோ அதிக நேரம் ஊறினால் கடற்காற்று பல ஆண்டுகளில் செய்யும் வேலையை அது ஒரே மதியத்தில் செய்து, பித்தளையைச் சிவக்க வைத்துவிடும். செங்கல் தூளும் சாம்பலும் கூர்மையான உருட்டுகளை மழுங்கடிக்கும். இருநூறு ஆண்டுகளில் மெல்ல ஏறிய பழுப்பு நிறத்தை ஒரு பிற்பகலில் கழற்றிவிட்டால், மிஞ்சுவது நேற்று வாங்கிய பொருளின் நிறம். நான் செய்வது இவ்வளவே: மென்மையான சவர்க்கார நீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே நன்னீரில் இன்னொருமுறை துடைத்து, முழுவதும் உலர்த்தி, தேன்மெழுகோ தெளிந்த தளபாட மெழுகோ மிக மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் தேய்த்து எடுப்பேன். வாடைக்காற்று தொடங்குமுன் ஒருமுறையும் அது தணிந்த பின் ஒருமுறையும் இதைச் செய்தால் போதும். தேங்காயெண்ணெய் பூசும் யோசனையைப் பலர் சொல்வார்கள்; எண்ணெயின் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகும், தூசியும் ஒட்டும். வெள்ளி முலாம் பூசியதை அடிக்கடி துலக்கினால் முலாம்தான் குறையும். அதை இறப்பர் பட்டியால் கட்டி வைத்தாலும் அதிலுள்ள கந்தகத்தால் கருத்துப்போகும்.

ஒட்டிய மெழுகை அகற்றக் கத்தியை எடுக்கத் தேவையில்லை. தாங்கியைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் சிறிது நேரம் வைத்தால் மெழுகு சுருங்கி விரல் நகத்துக்கே கழன்றுவிடும். மீதியைச் சூடான நீர் இளக்கும். கீல் நிரப்பிய வெள்ளித் தாங்கியை மட்டும் சூட்டுக்கும் உறைபனிக்கும் உட்படுத்தக் கூடாது; உள்ளே இருப்பது இளகினாலோ விரிந்தாலோ தகடு பிதுங்கும்.

வீட்டில் வைக்கும் விதத்துக்கு வருவோம். தாங்கியின் அழகு அதன் பக்கத் தோற்றத்தில் இருப்பதால், பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவருக்கு முன்னால், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பழுப்பேறிய பித்தளைத் தாங்கி நிற்கும்போது குமிழ்களும் கழுத்தும் தட்டும் ஒவ்வொன்றாகத் தெரியும். பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் அத்தனையும் மறைந்துவிடும். கண்ணாடிக் கதவிட்ட அலுமாரிக்குள் பீங்கான் பாத்திரங்களோடு நெருக்கி வைப்பதை நான் விரும்புவதில்லை. அங்கே அது காட்சிப்பொருளாகிவிடுகின்றது, விளக்கின் தன்மையை இழக்கின்றது. வேறுபட்ட உயரங்களில் சிலவற்றைச் சேர்த்து வைப்பதாயின், உலோகம் ஒன்றாகவும் காலம் வெவ்வேறாகவும் இருக்கட்டும்: ஒரு தேன்கூட்டுத் தண்டு, ஒரு குட்டைப் படுக்கையறைத் தாங்கி, இந்தியாவின் மொராதாபாத்தில் வார்த்த அண்மைக் காலத்து உயரமான ஒன்று. மொராதாபாத் பித்தளையைப் பழமை இல்லையென்று தள்ளுவோர் உண்டு. பழையதென்று சொல்லி விற்காத வரையில் அதில் குறையொன்றும் இல்லை. சிற்றுளி வேலை நன்றாக இருந்தால் அது தன் சொந்தக் காரணத்துக்காகவே வைக்கத்தக்கது. குத்துவிளக்கோடு மட்டும் இவற்றைக் கலந்து வைக்க என் மனம் இடம் தருவதில்லை. அதற்கு அதன் இடம் உண்டு.

ஏற்றாத தாங்கி பாதிப் பொருள் என்பேன். இடைக்கிடையாவது திரியைச் செருகி எரியவிட வேண்டும். இங்கே இரு தடைகள். ஒன்று வெப்பம்: வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் கச்சான் காற்று வீசும் நாட்களில் வெயில் 35 பாகை செல்சியஸைத் தொடும், பரஃபின் மெழுகு உருகுவதற்கு ஐம்பது பாகைக்கு மேல் வேண்டுமென்றாலும் அதற்கு வெகு முன்பே இளகி, உயரமான மெலிந்த திரி பகல் முழுவதும் நின்றால் மாலைக்குள் தலை சாய்த்துவிடும். ஆகவே திரிகளை நிழலில், படுக்கை வாட்டில் வைத்திருந்து தேவையான போது மட்டும் செருகுவேன். ஸ்டியரின் கலந்த திரியும் தேன்மெழுகுத் திரியும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இன்னொன்று காற்று. இதற்கு விடை முன்பே கண்டறியப்பட்டிருக்கின்றது: ஆங்கிலேயர் இந்தியாவிலும் இலங்கையிலும் விறாந்தையில் மெழுகுதிரி ஏற்றியபோது, தாங்கி முழுவதையும் மூடும் உயரமான, இரு முனையும் திறந்த கண்ணாடிக் கூண்டைப் பயன்படுத்தினர். பழைய கூண்டு உடையாமல் கிடைப்பது அரிது; புதியது கிடைக்கின்றது, அளவு மட்டும் பார்க்க வேண்டும். கூண்டின் மேல்விளிம்பு சுடரைவிட உயர்ந்தும், காற்று உட்செல்ல அடியில் சிறு இடைவெளி விட்டும் இருக்க வேண்டும்.

இக்காலத் திரிகள் பழைய குழிகளுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. மேலைநாட்டு மேசைத் திரியின் அடி ஏறக்குறைய 22 மில்லிமீற்றர். நம் கடைகளில் கிடைக்கும் வீட்டுத் திரி அதைவிட மெலிந்தது. இடைவெளியைக் கடதாசியால் அடைப்பது தீக்கு வழி. அலுமினியத் தாளைச் சுற்றுவது அல்லது சிறிது தேன்மெழுகைக் குழியில் அழுத்துவது போதும். திரியைக் குழிவரை எரியவிடாமல் இரண்டு விரலளவு மீதம் இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும்.

வாங்குமிடம் என்று பார்த்தால், பழைய இரும்புக் கடைகளில் நல்ல பொருள் இன்னும் வருகின்றது. அங்கே ஒரு முதலாளி என்னிடம் சொன்னது நினைவிலிருக்கின்றது: “தம்பி, பித்தளை எண்டால் கிலோவுக்கு ஒரு விலைதான். அது ஆர் வைச்சிருந்தது எண்டு எனக்குத் தேவையில்லை.” கதை சொல்லி விலையேற்றும் விற்பனையாளரைவிட அவரிடம் வாங்குவது எனக்கு நிம்மதி. ஆனால் பீடத் தாங்கி போல ஒன்று அங்கே வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கமாட்டேன். தேவாலயத்திலிருந்து காணாமற்போன பொருளை வீட்டில் அலங்காரமாக நிறுத்துவது தகாது. சோடியாகக் கிடைத்தால் ஒன்றைவிட இருமடங்குக்கும் மேல் கேட்பார்கள். சோடி உண்மையானதா என்று உயரத்தை அளந்து, உருட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவும். தனித்தனித் தாங்கிகளைச் சோடியாக்கி விற்பது எங்கும் நடப்பது. தனித் தாங்கிக்கு மதிப்புக் குறைவு என்பதால் விலையும் குறைவு; வெளிச்சுவர் மாடத்திலோ எழுது மேசையிலோ அதுவே பொருத்தம்.

மின்விளக்காக மாற்றுவதற்காக அடியில் துளையிட்டுக் கம்பி இழுத்த தாங்கிகளும் நிறைய வருகின்றன. துளையை அடைக்கலாம், ஆனால் அதன் தடம் போகாது. விலை பாதியாகிவிட்ட அவற்றை வாங்கி மீண்டும் திரி வைத்துப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. துளையில்லாத ஒன்றைப் புதிதாகத் துளைக்கக் கொடுப்பவரோடுதான் எனக்கு வாக்குவாதம். குழியில் செருகிக் கழற்றக்கூடிய மின்குமிழ்ப் பிடி கிடைக்கும்போது உலோகத்தைக் குத்துவதற்கு என்ன அவசியம் என்று கேட்பேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பயணப் பெட்டிக்குள் ஒரு சோடியை எடுத்துச் செல்ல விரும்புவது இப்போது வழமையாகிவிட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் உள்ள பொருள் ஒன்று 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக நியாயமாகக் கருதத்தக்கதாயின் அது தொல்பொருள். உரிமம் இன்றி அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. இரு பாதிகளாக வார்த்து ஒட்டிய தண்டுள்ள தாங்கி அந்த வரையறைக்குள் விழக்கூடியது. தேன்கூட்டுத் தண்டும் உந்து கம்பியும் கொண்ட விக்டோரியா காலத்துச் சோடி அதற்குப் பிந்தியது என்றாலும், விமான நிலையச் சுங்க மேசையில் நின்று தண்டின்மேல் மூச்சு ஊதிக் காட்டி வாதாடுவதைவிட, அடியையும் பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது இலகு.